காற்றோடு போகும் சொற்கள்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை திருகோணமலை மாவட்ட வாசகர்களின் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பொருளைச் சுற்றியே வந்திருக்கின்றன. ஒரு பொருள் காற்றில் மெல்லப் போகும்போது அதற்கு என்ன வினைச்சொல்லைப் போடுவது என்பதுதான் அது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: தரம் 10 மாணவி ஒருத்தியின் கட்டுரையில் ஒரே பக்கத்தில் முகில் மிதந்தது, எருக்கம் பஞ்சு மிதந்தது, புகை மிதந்தது, மல்லிகை மணம் மிதந்தது, கோயில் மணியோசை மிதந்தது. எல்லாவற்றையும் சிவப்பு மையால் சுழித்துவிட்டேன். ஆனால் பதிலுக்கு என்ன எழுதச் சொல்வது? ‘மிதத்தல்’ என்பதற்கு ஒத்தகருத்துச் சொற்கள் தருவீர்களா? (ஆசிரியை, நிலாவெளி)

பதில்: பட்டியல் தரலாம், அதனால் பயன் குறைவு. மிதத்தல், அலைதல், தவழ்தல், ஊர்தல், உலாவுதல், பறத்தல், படர்தல், அள்ளுண்ணுதல், சுழலுதல் என்று மனப்பாடம் செய்த பிள்ளை அடுத்த கட்டுரையில் “புகை தவழ்ந்தது, மணம் ஊர்ந்தது” என்று எழுதும். இவை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றிப்போடக்கூடிய சொற்கள் அல்ல. தமிழில் காற்றோடு போகும் பொருளுக்கெல்லாம் பொதுவான ஒரு வினை இல்லை. பொருளுக்கு ஏற்ப வினை மாறும். மிதத்தல் அடிப்படையில் நீருக்குரிய சொல். காற்றுக்கு அது இரவலாக வந்தது. வந்த இடத்தில் மற்றவர்களைத் துரத்திவிட்டு இருந்துகொண்டது என்பதுதான் உங்கள் மாணவியின் கட்டுரையில் நடந்திருப்பது.

எழுதுமுன் மூன்று விடயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில், வேலை செய்வது யார்? பொருள் தன் வலிமையால் போகிறதா, காற்று கொண்டுபோகிறதா? காகம் பறக்கும், அங்கே வேலை காகத்துடையது. எருக்கம் விதைக்கு வலிமை ஏது? வெடித்த காயிலிருந்து வெளிவரும் அந்த விதையின் தலையில் பட்டுப்போன்ற குஞ்சம் ஒன்று உண்டு. காற்று பிடிப்பது அந்தக் குஞ்சத்தைத்தான். அதற்கு ‘அலைந்தது’ பொருந்தும். ஒரு திசையாக நெடுந்தூரம் போனால் ‘அள்ளுண்டு போனது’, தரையிலிருந்து உயரத்தில் அசையாததுபோல் நின்றால் ‘மிதந்தது’.

இரண்டாவது, ஒரு முனை எங்காவது கட்டுண்டிருக்கிறதா? சிலந்தி இழையின் ஒரு முனை வேலியில் ஒட்டியிருந்தால் அது மிதப்பதில்லை. ஆடுகிறது, அலைகிறது, பழைய தமிழில் ‘நுடங்குகிறது’. முனை அறுந்து இழை தனியே போனால்தான் மிதத்தலுக்கு உரிமை வருகிறது.

மூன்றாவது, அது எதையாவது தொட்டுக்கொண்டு போகிறதா? இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தவழ்தலும் ஊர்தலும் பரப்பைத் தொட்டுச் செய்யும் செயல்கள். பிள்ளை நிலத்தில் தவழும். நுவரெலியாவில் முகில் மலைச்சரிவைத் தடவிக்கொண்டு போகும், அது தவழ்தல். திருகோணமலையில் “சுவாமி மலையில் முகில் தவழ்ந்தது” என்று எழுதினால் படிக்க அழகுதான். ஆனால் அந்தப் பாறைக்குப் பல நூறு மீற்றர் மேலேதான் இங்கே முகில் போகும். தென்றலுக்குத் தவழ்தல் எங்கும் பொருந்தும், ஏனென்றால் அது நம் தோலைத் தொடுகிறது. ஊர்தலில் தொடுகையோடு மந்தமும் சேரும். வெகு தொலைவில், உற்றுப் பார்த்தால்தான் நகர்வது தெரியும் முகிலுக்கு அது சரி. அங்கே வானத்தையே ஒரு பரப்பாக எண்ணிக்கொள்கிறோம்.

இனி உங்கள் மாணவியின் ஐந்து வரிகள். முகிலை விட்டுவிடலாம், தப்பில்லை. பஞ்சு அலைந்தது. புகைக்குத் தனிக் குடும்பமே இருக்கிறது: தொடங்கும்போது கிளம்பும் அல்லது எழும், நடுவில் படரும் அல்லது சூழும், முடிவில் கலையும். எந்தக் கட்டத்துப் புகை என்று அவளைக் கேளுங்கள், சொல் தானே வரும். மணத்துக்குக் ‘கமழ்ந்தது’ என்ற சொல் இருக்கையில் மிதப்பு எதற்கு? பரவுதலும் இனிமையும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. மணியோசையில் எழுவாயை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்: “காற்று மணியோசையைக் கொண்டுவந்தது.” வேலை செய்தவர் பெயர் முன்னால் வந்துவிட்டது, வாக்கியமும் நிமிர்ந்துவிட்டது.

சிவப்பு மையால் ஐந்தையும் சுழித்தது கொஞ்சம் அதிகம். நான்கு போதும்.

கேள்வி: மேலே வைத்த கல் கீழே விழுகிறது. தண்ணீர் காற்றைவிடப் பாரமானது. அப்படியானால் தண்ணீரால் ஆன முகில் ‘மிதக்கிறது’ என்பது அறிவியல்படி பிழைதானே? (உயர்தர மாணவன், உப்புவெளி)

பதில்: கண்டிப்பாகப் பேசினால் பிழைதான். ஆக்கிமிடீசு தத்துவப்படி மிதத்தல் என்றால், பொருளின் நிறையை அது இடம்பெயர்க்கும் பாய்மத்தின் நிறை தாங்கவேண்டும். காற்றில் அப்படி மிதப்பவை மிகச் சில. ஈலியம் நிரப்பிய பலூன் ஒன்று. நிலமட்டத்தில் ஒரு லீற்றர் காற்றின் திணிவு ஏறத்தாழ 1.2 கிராம், ஈலியத்தின் திணிவு 0.2 கிராமுக்கும் குறைவு. ஆகவே ஒரு லீற்றர் ஈலியம் சுமார் ஒரு கிராமைத் தூக்கும். உறையும் நூலும் சேர்ந்து 3 கிராம் என்றால் 3 லீற்றருக்கு மேல் வாயு வேண்டும். குறைந்தால் பலூன் தரையில் புரளும்.

முகில் துளிகளின் கதை வேறு. அவற்றின் விட்டம் பெரும்பாலும் 0.01 முதல் 0.02 மில்லிமீற்றர் வரை. 0.02 மில்லிமீற்றர்த் துளி அசையாத காற்றில் செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில் விழுகிறது. மணித்தியாலத்துக்கு 36 மீற்றர் என்று கணக்கு வரும். முகிலுக்குள் மேலெழும் காற்று இதைவிட வேகமாக இருப்பதால் துளி விழுந்துகொண்டே மேலே போகிறது. 2 மில்லிமீற்றர் மழைத்துளியோ செக்கனுக்கு ஆறு மீற்றருக்கு மேல் விழும். மெல்லிய மேலெழுகாற்றால் அதைத் தாங்க முடியாது. ஒரு மழைத்துளிக்குள் அத்தகைய முகில் துளிகள் 10 இலட்சம் அடங்கும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். விட்ட விகிதம் 100, அதன் மும்மடி.

பருந்தும் இப்படித்தான். சிறகடிக்காமல் வட்டமிடும் பருந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் சறுக்கி இறங்கிக்கொண்டே இருக்கிறது. வெயிலில் சூடான நிலத்திலிருந்து கிளம்பும் காற்று அது இறங்குவதைவிட விரைவாக மேலேறுவதால் பருந்து உயர்கிறது. எனவே விடைத்தாளில் “முகில்துளிகள் மேலெழு காற்றோட்டத்தால் தாங்கப்படுகின்றன” என்று எழுதுங்கள். கவிதையில் முகில் மிதக்கட்டும். விடைத்தாளில் மிதக்கும் முகிலுக்குப் புள்ளி வெட்டலாம், கவிதையில் வெட்டக்கூடாது.

கேள்வி: “புழுதி பரந்தது” சரியா, “புழுதி பறந்தது” சரியா? கணினியில் பிழைதிருத்தி இரண்டையும் விட்டுவிடுகிறது. (அலஸ்தோட்டம்)

பதில்: இரண்டும் சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்திக்கு அகப்படாது. பற என்ற பகுதியிலிருந்து பறக்கிறது, பறந்தது, பறக்கும், பறவை. பர என்பதிலிருந்து பரந்தது, பரந்த வெளி, பரப்பு. முன்னது மேலே கிளம்பிப் போவது, பின்னது அகலமாய் விரிவது. லொறி போனதும் புழுதி பறந்தது. அது ஊர் முழுவதும் பரந்தது அல்லது பரவியது. ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரலாம், வரிசை மாறக்கூடாது.

ஐயம் வந்தால் எதிர்காலத்தில் வைத்துப் பாருங்கள். “பறக்கும்” என்று சொல்லிப் பொருள் சரிவந்தால் வல்லின றகரம். “பரவும்” என்று மாற்றியும் பொருள் கெடாவிட்டால் இடையின ரகரம்.

இதோடு சேர்த்து இன்னொரு சோடியையும் சொல்லிவிடுகிறோம், தட்டச்சில் அடிக்கடி விழுவது. மித என்பதன் இறந்தகாலம் மிதந்தது. மிதித்தது என்பது மிதி என்ற வேறு பகுதிக்கு உரியது. “இறகு காற்றில் மிதித்து வந்தது” என்று அச்சில் வந்தால் இறகுக்குக் கால் முளைத்துவிடும். அலை என்பதிலும் கவனம் வேண்டும்: சருகு அலைந்தது; சருகைக் காற்று அலைத்தது. மெலிந்தால் தன்வினை, வலித்தால் பிறவினை.

கேள்வி: கொடி கம்பத்தில் கட்டுண்டுதான் இருக்கிறது. ஆனாலும் ‘கொடி பறக்கிறது’ என்கிறோம். பட்டமும் நூலில் கட்டுண்டது, அதுவும் பறக்கிறது. உங்கள் ‘முனை கட்டுண்டதா’ என்ற விதிக்கு இது ஒத்துவருமா? (கிண்ணியா)

பதில்: விதியை அச்சில் வருமுன்னே எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கவில்லை. முன்பு ஒரு இதழில் சுருக்கமாகச் சொல்லியிருந்தோம் போலும்.

கட்டுண்ட பொருளுக்கு மிதத்தல் ஆகாது என்பதுதான் விதி, பறத்தல் ஆகும். பறத்தலில் விசையும் படபடப்பும் முக்கியம், விடுதலை முக்கியமல்ல. “பறந்து வந்தான்” என்றால் விரைந்து வந்தான் என்றுதான் பொருள். கொடி துடிக்கிறது, இழுக்கிறது, ஓசை எழுப்புகிறது, ஆகவே பறக்கிறது. காற்று விழுந்தால் அதே கொடி தொங்குகிறது.

பட்டத்தில் இந்தச் சொற்கள் இன்னும் நுட்பமாகப் பிரியும். பட்டத்தை ஏற்றுவோம். அது ஏறும், நிற்கும், ஆடும், குத்தும், அறுத்துக்கொண்டு போகும். நூல் இழுவிசை உள்ளவரை பட்டம் பறக்கிறது. நூல் அறுந்த பிறகுதான் அது காற்றில் அள்ளுண்டு போகிறது. அறுந்த பட்டம் உயரே போகாது என்பதையும் கவனிக்கலாம். நூல் இழுத்துப் பிடிப்பதால்தான் பட்டத்தின் முகம் காற்றுக்குச் சாய்வாக நின்று தூக்கு விசை கிடைக்கிறது. பிடி விட்டதும் சாய்வு கெடும், பட்டம் புரண்டு புரண்டு இறங்கும். கட்டுத்தான் அதைப் பறக்க வைக்கிறது.

‘குத்துதல்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். பட்டம் தலைகீழாகப் பாய்ந்து விழுவதுதான் அது. மூன்று காரணங்கள் வழக்கமானவை. வால் போதாமல் இருக்கலாம். துணியோ கயிறோ கொஞ்சம் நீட்டிப் பார்க்கவேண்டும். முச்சை (நூலைப் பட்டத்தோடு இணைக்கும் கட்டு) ஒரு பக்கம் இழுபட்டிருக்கலாம். நடுக்கோட்டிலிருந்து முடிச்சு சிறிது விலகினாலும் பட்டம் ஒரே பக்கமாகச் சுற்றும். அல்லது குறுக்குத் தடியின் ஒரு கை மற்றதைவிடப் பாரமாயிருக்கலாம். தடியை நடுவில் விரல்மேல் வைத்துச் சமன் பார்த்து, தாழும் பக்கத்தைச் சீவவேண்டும். ஏறாமலே பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றால் குறை வாலில் இல்லை, முச்சையின் முடிச்சு கீழே இருக்கிறது. மேலே நகர்த்துங்கள், ஒரு தடவைக்கு அரை விரல் அளவு போதும்.

தமிழ்நாட்டில் சென்னைப் பக்கம் பட்டத்தைக் காற்றாடி என்பார்கள். நமக்குக் காற்றாடி என்றால் சுழல்வது. ஒரே கதையை இரு நாட்டு வாசகரும் படிப்பார்கள் என்றால் ‘பட்டம்’ என்றே எழுதுவது குழப்பமில்லை.

கேள்வி: தூவுதல், தூற்றுதல், புடைத்தல், கொழித்தல் எல்லாம் ஒன்றா? பாடநூலில் ‘நெல்லைத் தூவினார்கள்’ என்று ஒரு படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. படத்தில் சுளகு இருந்தது. (தம்பலகாமம்)

பதில்: வயலில் விதை நெல்லைத் தூவுவார்கள், வீசுவார்கள் என்றும் சொல்வார்கள். களத்தில் செய்வது தூற்றுதல். படத்தில் சூடடித்த நெல் இருந்தால் அந்த வரி பிழை.

தூற்றுதலில் வேலை செய்வது காற்று. சுளகில் அள்ளிய நெல்லைத் தலைக்கு மேல் உயர்த்தி, காற்றுக்குக் குறுக்கே, மெல்லிய ஒழுக்காகக் கொட்டவேண்டும். நல்ல மணி காலடியில் குவியும். பாதி விளைந்த அரைமணி கொஞ்சம் தள்ளி விழும். பதரும் தூசும் அப்பால் பறக்கும். ஒழுக்கு தடித்தால் பதர் மணிக்குள் அகப்பட்டு அதனோடே விழுந்துவிடும். காற்று கடுத்தால் அரைமணியும் போய்விடும், நட்டம். காற்று அடிக்கடி திசை மாறினால் விட்டுவிட்டு இருக்கவேண்டியதுதான். “காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்” என்பது அந்த இருப்பின் அலுப்பிலிருந்து பிறந்த பழமொழி. குவியலின், காற்று போகும் பக்கத்து ஓரத்தைத் தும்புத்தடியால் மெல்ல விலக்கிக்கொண்டே தூற்றினால் இரண்டாம் தடவை வேலை குறையும்.

புடைத்தலுக்குக் காற்று வேண்டாம். சுளகை மேலும் கீழுமாக எற்ற, பாரமானது பின்பக்கம் தங்கும், இலேசானது முன்விளிம்பால் வெளியேறும். கொழித்தல் பக்கவாட்டு அசைவு. அரிசியிலிருந்து கல்லையும் குறுநொயையும் பிரிக்க. தெள்ளுதல் மாவுக்கு.

ஒருவரைப் பழித்துப் பேசுவதைத் ‘தூற்றுதல்’ என்பதும் இந்தக் களத்துச் சொல்லே. பதரைப் போல ஒருவர் பெயரை எல்லாத் திசைக்கும் பறக்கவிடுவது.

கேள்வி: எங்கள் பாட்டி “தூவானம் அடிக்குது, யன்னலைச் சாத்து” என்பார். தொலைக்காட்சியில் ‘சாரல்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? பனிக்காலத்தில் ‘புகார்’ என்று அவர் சொல்வதை என் மருமகள் (சென்னைப் பிள்ளை) முறைப்பாடு என்று விளங்கிக்கொண்டு சிரிக்கிறாள். (மூதூர்)

பதில்: பாட்டி சொன்னது சரி, இரண்டு இடத்திலும்.

மழை வானிலிருந்து நேரே விழாமல் காற்றில் சாய்ந்து, பொடியாகி, வீட்டுக்குள் வருவது தூவானம். “மழை விட்டும் தூவானம் விடவில்லை” என்கிற பழமொழியில் அது பெருமழைக்குப் பின் காற்றில் தங்கியிருக்கும் நீர்ப்பொடி. சாரலும் காற்று சாய்த்து அடிக்கும் மழையே. மலைச்சரிவுக்கும் சாரல் என்ற பெயர் உண்டு. ‘தூறல்’ மட்டும் வேறு: சிறுதுளியாக விழுவது, காற்று இல்லாமலும் தூறும். ஆகவே தூவானமும் சாரலும் அடிக்கும்; தூறல் போடும் அல்லது விழும்.

புகார் என்பதற்கு மூடுபனி என்ற பொருள் பழைய அகராதிகளில் இருக்கிறது. இலங்கைத் தமிழில் ‘பனிப்புகார்’ என்று இன்றும் உயிரோடு இருக்கிறது. முறைப்பாடு என்ற பொருளில் புகார் எழுதுவது தமிழ்நாட்டு வழக்கு. நாம் முறைப்பாடு என்றே எழுதுவதால் நமக்கு மயக்கமில்லை. பனிப்புகார் கவியும், மூடும், படியும். வெயில் ஏற விலகும் அல்லது கலையும். மிதப்பதில்லை.

வாடைக்கும் இதே சங்கடம் உண்டு. நமக்கு வாடை மார்கழி, தைக் காற்று. மருமகளுக்கு அது மணம், பெரும்பாலும் கெட்ட மணம். “வாடை அடிக்குது” என்று சொன்னால் அவர் அடுப்படியைப் போய்ப் பார்ப்பார்.

கேள்வி: கச்சான் அடித்தது என்று எழுதினால் கடலை அடித்ததாகப் பொருள் வருமா? (கந்தளாய்)

பதில்: அடிக்கிற கச்சான் காற்று, கொறிக்கிற கச்சான் கடலை. வினையே காட்டிக்கொடுத்துவிடும். பெயராக மட்டும் வரும் இடத்தில் ‘கச்சான் காற்று’ என்று முழுதாக எழுதுங்கள். வெப்பமும் வரட்சியும் கொண்ட அந்தத் தென்மேல் காற்றில் எதுவும் ‘மிதப்பதாக’ எழுதவேண்டாம்; அது அள்ளும், வாரும், உலர்த்தும். மிதத்தலுக்கு மெல்லிய காற்று வேண்டும்.

கேள்வி: “இயந்திரம் பழுதான படகு மூன்று நாட்களாகக் கடலில் மிதந்தது” என்று செய்தியில் எழுதலாமா? அதோடு, ‘திசைமாறிச் சென்ற படகு’ என்பதும் அடிக்கடி வருகிறது. (குச்சவெளி)

பதில்: படகு என்றால் மிதக்கத்தானே வேண்டும்! மிதந்தது என்பதில் செய்தி இல்லை. மிதக்காவிட்டால்தான் செய்தி, அப்போது நம் பக்கத்தில் ‘தாண்டு போனது’ என்பார்கள். சொல்லவேண்டியது, படகு தன் போக்கை இழந்து நீரும் காற்றும் கொண்டுபோன பக்கம் போனது என்பது. “நீரோட்டத்தில் அள்ளுண்டு சென்றது” என்று எழுதுங்கள். காற்றின் பங்கு பெரிதானால் “காற்றிலும் நீரோட்டத்திலும் அள்ளுண்டு”. திசைமாறிச் சென்றது என்றால் ஓட்டியவர் வழி தவறினார் என்று பொருள் வரும். இயந்திரம் வேலை செய்யாத படகுக்கு அந்தப் பழி கூடாது. நங்கூரம் போட்டும் படகு நகர்ந்தால் “நங்கூரம் இழுபட்டது”.

முடிவிலும் ஒரு வேறுபாடு உண்டு. கரையொதுங்குதல் உயிரற்றதற்கு: உடைந்த பலகை, வலை, சடலம். உயிரோடு வந்த மனிதரைக் “கரையொதுங்கினர்” என்று எழுதுவது அவர்கள் வீட்டார் காலையில் பத்திரிகையைத் திறக்கும்போது வயிற்றைக் கலக்கும். அவர்கள் கரைசேர்ந்தனர்.

இந்தப் பொருளுக்கு மிகப் பொருத்தமான பழஞ்சொல் புறநானூற்றின் 192ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் வைத்தது: “நீர்வழிப் படூஉம் புணை”. தெப்பம் நீரின் வழியில் படுகிறது. தானாகப் போகவில்லை, எதிர்க்கவுமில்லை. இதைப் பின்பற்றிக் ‘காற்றுவழிப்பட்டு’ என்று இன்றைய உரைநடையிலும் தாராளமாக எழுதலாம். “எருக்கம் விதைகள் காற்றுவழிப்பட்டு அடுத்த வளவுக்கும் பரவின.” இதைவிடத் துல்லியமாகச் சொல்ல வேறு சொல் நமக்குத் தெரிந்து இல்லை. நீளம் என்று தள்ளிவிடுகிறார்கள்.

கரைவலையின் மேற்கயிற்றில் கோக்கும் மிதப்புக்கும் ‘மித’ என்ற பகுதிதான் மூலம். மிதவை என்றால் தெப்பமும் ஆகும், சங்ககாலத்தில் கூழும் ஆகும். புறநானூற்றிலேயே புளிமிதவை உண்டு.

கேள்வி: ‘சட்டத்தைக் காற்றில் பறக்கவிட்டார்’, ‘காற்றுவாக்கில் கேட்டேன்’, ‘ஆள் ஒரே மிதப்பில் இருக்கிறார்’. இவற்றில் எழுத்துத் தமிழுக்கு ஆகாதது எது? (திருகோணமலை நகர்)

பதில்: மூன்றும் ஆகும், இடமறிந்தால். பறக்கவிடுதல் தேய்ந்துபோன பயன்பாடு. தலைப்பில் வாரத்துக்கு மூன்று தடவை பார்க்கிறோம். “மதிக்கவில்லை” என்றாலே போதும். காற்றுவாக்கில் என்பதில் வாக்கு என்றால் பக்கம், போக்கு. சொல் என்ற வாக்கு அல்ல. மூலம் உறுதியில்லாமல் காதில் விழுந்தது என்று பொருள்பட நிற்கும் நல்ல தொடர், காப்பாற்றி வையுங்கள். மிதப்பு பேச்சுக்குரியது: செருக்கையும் சொல்லும், குடிமயக்கத்தையும் சொல்லும். எது என்று பக்கத்து வாக்கியம் காட்டாவிட்டால் வழக்கு வரலாம்.

‘அந்தரத்தில் தொங்குகிறது’ என்பதையும் இதே கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அந்தரம் என்பது நடுவெளி. நம் பேச்சில் அது அவசரமும் தவிப்புமாகிவிட்டது: “அந்தரப்படாதேங்கோ”. காலுக்குக் கீழே நிலமில்லாதவனின் நிலைதான் இரண்டும்.

கேள்வி: குறுக்கெழுத்தில் ‘காற்றில் திரிதல்’, நான்கு எழுத்து, கடைசி ல். மூன்று நாளாக அகப்படவில்லை. (பாலையூற்று)

பதில்: ஊர்தல், அலைதல், உலாவல் மூன்றும் நான்கு எழுத்து. மெய்யையும் ஓர் எழுத்தாக எண்ணவேண்டும். மிதத்தலும் தவழ்தலும் ஐந்தாகிவிடும். திரிதல் என்று குறிப்புத் தந்திருப்பதால் அலைதல் என்று போடுங்கள். இரண்டாம் கட்டத்தில் மேலிருந்து வந்து குறுக்கிடும் சொல்லுக்கு லை பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டம் ஐந்து இருந்து முதலெழுத்து அ என்றால் ‘அலமரல்’ என்று போடலாம். “அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி” என்று தொல்காப்பிய உரியியலே பொருள் சொல்லிவிட்டது.

கேள்வி: மிதத்தலுக்கு எதிர்க்கருத்துச் சொல் ‘அமிழ்தல்’ என்று பிள்ளைக்குப் படிப்பித்திருக்கிறார்கள். காற்றில் மிதக்கும் தூசிக்கு எப்படி அமிழ்தல் எதிராகும்? (நிலாவெளி, வேறொரு வாசகர்)

பதில்: ஆகாது. அமிழ்தலும் மூழ்குதலும் நீருக்கு. தூசி படியும், புழுதி அடங்கும், புகை கலையும், இறகு இறங்கும், பதர் விழும், பலூன் வாயு குறைந்து தாழும், மணம் மங்கும், ஓசை தேயும். பரீட்சையில் ஒரு சொல் மட்டும் கேட்டால் அமிழ்தல் என்று எழுதிப் புள்ளியை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.